வடக்கின் கல்லூரி அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களே, ஊரிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கத்தினரே,

வணக்கம்.

மார்ச் மாதம் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் பிக் மட்ச் பேச்சுத்தான், அதாவது இரண்டு கல்லூரிகள் வருடாவருடம் மோதும் துடுப்பாட்டப் (கிரிக்கெட்) போட்டி. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் 'வடக்கின் பெரும் போர்', வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் பத்திரிசியார் கல்லூரியும் ஆடும் 'பொன் அணிகளின் போர்', இந்துக் கல்லூரிகளின் போட்டி, மகாஜனாவும் ஸ்கந்தவரோதயாவும் சந்திக்கும் 'வீரர்களின் போர்' என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பரம்பரை எதிரி இருக்கிறது. போட்டி நடக்கிற நாட்களில் இப்படி ஒரு கடிதம் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். வென்றவர்களின் சத்தமும் தோற்றவர்களின் கோபமும் அடங்கி, அடுத்த பருவத்துக்கான பயிற்சி இன்னும் தொடங்காத இந்த நேரத்தில் எழுதினால் கொஞ்சம் காது கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வலிகாமத்தில் நெடுங்காலம் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள். வலைப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள். துடுப்பாட்டத்தை எல்லைக் கயிற்றுக்கு வெளியே இருந்து பார்த்தவள்தான். ஆனால் அதை ஆடிய பொடியளையும் அவர்களின் தாய்மாரையும் நன்றாகத் தெரியும்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளை நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு கைகலப்பு நடந்ததும், "உந்தக் கூத்தை நிற்பாட்டுங்கோ, பிள்ளையள் படிக்கட்டும்" என்று ஒரு குரல் எழும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் போட்டி இல்லாத இடத்தில் விளையாட்டு எப்படி வாடிப்போகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நாள் ஓடுவார்கள், பிறகு ஒவ்வொருவராகக் காய்ச்சல், தலையிடி என்று நின்றுவிடுவார்கள். வலயப் போட்டிக்கு இன்னும் சில கிழமைதான் இருக்கிறது, பக்கத்துக் கல்லூரிப் பிள்ளை உன்னைவிட வேகமாக ஓடுகிறாள் என்று சொன்னால், அடுத்த நாள் எனக்கு முன்னமே வந்து மைதானத்தில் நிற்பார்கள்.

பாடசாலைக்குள் இல்லங்களாகப் பிரிந்து ஆடும் விளையாட்டுப் போட்டியில் தொடங்கி கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போகிற அந்தப் படிகளை வெளியில் இருப்பவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. ஆனையிறவைத் தாண்டியே இராத ஒரு பிள்ளை, முதன்முதலாகக் கொழும்பு சுகததாச விளையாட்டரங்குக்குப் போய், செயற்கை ஓடுபாதையைக் குனிந்து கையால் தொட்டுப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். அவள் பதக்கம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஒரே விடுதியில் படுத்து, அரைகுறைச் சிங்களத்தில் பேசி, தலை பின்னிவிட்டு, முகவரி வாங்கிக்கொண்டு வந்தாள். எந்த வகுப்பறையில் நாங்கள் அதைக் கற்பித்திருக்க முடியும்?

நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். யாழ். மத்திய கல்லூரியின் பிள்ளை. 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தக் காலத்துப் பாய்ச்சல்காரருக்கு விழுவதற்கு மணல்தான், மெத்தை கிடையாது. ஆனாலும் கல்லூரிப் போட்டிகளில் அவரை மேலும் மேலும் பாயவைக்கப் பக்கத்துக் கல்லூரிகள் இருந்தன. 2024இல் அவர் காலமானபோது, மத்திய கல்லூரிக்காரர் மட்டுமா அழுதார்கள்? வடக்கு முழுவதுமே அவரைத் தன் பிள்ளையென்றுதான் சொன்னது.

இந்தக் காலத்துக்கு வந்தால் விஜயகாந்த் வியாஸ்காந்த். அவரும் மத்திய கல்லூரிதான். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயது இன்னும் நிறையவில்லை. அங்கே அவர் எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸினுடையது. 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார், 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினார். அந்த 2020 ஸ்ராலியன்ஸ் அணியில் பரியோவான் கல்லூரியில் படித்த இளைஞர்களும் இடம்பெற்றிருந்தார்கள். மார்ச் மாதத்தில் எதிரெதிர்க் கூடாரங்களில் இருந்த பிள்ளைகள் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்கள். அவர்கள் பகையாளிகளாக வளரவில்லை. ஒருவர் பந்தை மற்றவர் பல வருடம் ஆடி, ஒருவரை ஒருவர் செதுக்கிக்கொண்டவர்கள்.

கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையனை, பதினான்கு வயதில் சுழல் பந்துக்கு மாறச் சொன்னவர் அவருடைய பாடசாலைப் பயிற்றுநர். அந்தப் பையன் பாடசாலைப் போட்டிகளில் பருவம் முழுக்கப் பந்து வீசி, 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரராகத் தெரிவானார். முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் அங்கேதான் முளைத்தன.

கோலூன்றிப் பாய்தலையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அதுதான். பாய்கிற பிள்ளையின் நிறைக்கு ஏற்ற கோல் வேண்டும். பிள்ளை வளர வளரக் கோலும் மாற வேண்டும். விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும். விலையைக் கேட்டால் எந்த அதிபரும் இரண்டு தரம் யோசிப்பார். அப்படியான ஒரு விளையாட்டு எங்கள் பகுதியில் வேர் பிடித்தது. மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையை ஒரு தடவைக்கு மேல் முறியடித்தார். அளவெட்டி அருணோதயாவும் சாவகச்சேரி இந்துவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கல்லூரி பாயத் தொடங்கியதும் அடுத்த கல்லூரி கோல் தேடியது, அதற்கடுத்தது பயிற்றுநரைத் தேடியது. மற்றவன் செய்கிறான், நாங்களும் செய்வோம் என்கிற ரோசம் நல்ல வழியில் போனால் ஒரு பிரதேசத்தையே தூக்கிவிடும். இதற்கு மேல் ஓர் ஆதாரம் எனக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் இளைய அதிபர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். மத்திய கல்லூரி மைதானத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். கோட்டை, பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு எல்லாம் கூப்பிடு தூரம். 1981இல் நூலகம் எரிந்தது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அந்தப் பகுதியே இடிந்து கிடந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் மூட்டை முடிச்சோடு தெருவில் இறங்கியது. தெல்லிப்பழைப் பக்கத்துக் கல்லூரிகள் தங்கள் மைதானங்களை விட்டு, வேறு இடங்களில் கொட்டில் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தன. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நடக்கவேயில்லை. திரும்ப அது நடந்தபோது, துடுப்பாட்டத்தின் விதி ஒன்றும் தெரியாத கிழவிகள்கூட மதிலோரம் வந்து நின்று பார்த்தார்கள். வெள்ளைக் காற்சட்டையோடு பிள்ளைகள் பயமில்லாமல் வெளியில் நின்று ஓடுவதைப் பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதனால்தான் இந்தப் போட்டிகளுக்கு இன்றைக்கு நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

கெடுதி ஆட்டத்துக்குள் இருந்து வரவில்லை. எல்லைக் கயிற்றுக்கு வெளியே இருந்து வருகிறது. பிக் மட்சுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே சீருடையோடு பொடியள் தெருவில் நிற்கிறார்கள். கடை கடையாகக் காசு சேர்க்கிறார்கள். கொடி கட்டிய வாகனங்களின் கூரையில் ஏறி, தலைக்கவசம் இல்லாத மோட்டார் சைக்கிள்களில் மூன்று பேராக இருந்து, பெண்கள் பாடசாலை வாசல்களில் ஹோர்ன் அடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். வாசலுக்குள் நிற்கிற பெண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றுதான் பொடியள் நினைக்கிறார்கள். உள்ளே நின்ற ஆசிரியை நான். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் பயத்தில் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

"விளையாட்டால் படிப்புக் கெடுகிறது" என்கிறார்கள். யாருடைய படிப்பு என்று ஒருநாள் வரவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அணியில் ஆடுகிற பிள்ளை காலையில் பயிற்சி, பிறகு வகுப்பு, பின்னேரம் பயிற்சி, இரவு ரியூசன் என்று எப்படியோ சமாளிக்கிறான். அவனைப் பார்க்கவும் கண்டிக்கவும் ஒரு பயிற்றுநர் இருக்கிறார். வாழ்நாளில் ஒரு பந்துகூட வீசாமல், கொடி கட்டவும் காசு சேர்க்கவும் பாண்டு வாத்தியத்துக்கு ஆள் பிடிக்கவும் ஓடித் திரிகிற உயர்தர வகுப்புப் பொடியள்தான் கிழமைக் கணக்கில் வகுப்புக்கு வராமல் விடுகிறவர்கள். அவர்களைத் தேடுகிறவர்களும் இல்லை. விளையாட்டின் பெயரால் படிப்பை இழக்கிறவர்கள் விளையாடாதவர்கள்.

குடியைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசப் போவதில்லை. பழைய மாணவர் கூடாரங்களுக்குள் போத்தல் வருகிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கொண்டுவருகிறவர்கள் பொடியள் அல்ல. தொழில் உள்ள, குடும்பம் உள்ள, சிலர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர்கள். "தம்பி, இண்டைக்கு ஒரு நாள்தானே" என்று பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் முதல் கோப்பையைக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். பிறகு வெயிலும் வெறியும் சேர்ந்து, தோல்விக்குக் கிட்டப் போன ஒரு பின்னேரத்தில் யாரோ யாரையோ இடிக்க, கம்பும் கல்லும் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரும் போட்டியின்போது நடந்த மோதலில் ஓர் இளைஞனின் உயிர் போயிருக்கிறது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. பெயரைச் சொல்லி அந்தக் குடும்பத்தின் புண்ணை நான் கீறமாட்டேன். அதன் பிறகும் கூடாரங்களில் போத்தல் இருந்தது என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆட்டத்துக்குள்ளும் கேடு இல்லாமலில்லை. அதுவும் வெளியிலிருந்து உள்ளே போனதுதான். எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன், நல்ல களத்தடுப்பாளன். பிக் மட்சின் கடைசி நாள் பின்னேரம் ஒரு பிடியைத் தவறவிட்டான். அவனுடைய கல்லூரி தோற்றது. அன்றிரவே அவன் கைகளை விரித்து நிற்கிற படத்தை முகநூலில் போட்டு, வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் கீழே எழுதத் தொடங்கினார்கள். எத்தனை காசு வாங்கினாய், உன்னை யார் அணியில் எடுத்தது, உன் அப்பன் இன்னார்தானே என்று சாதி தொடுகிற அளவுக்குப் போனது. பிள்ளையை விட இருபது முப்பது வயது மூத்த ஆட்கள். அவனுடைய தாய் என்னிடம் வந்து, "ரீச்சர், சாப்பிடுறானில்லை, போனையும் கீழ வைக்கிறானில்லை" என்று அழுதார். அடுத்த வருடம் அவனுக்கு ஆடும் வயது இருந்தது. ஆடவில்லை. அந்தக் கல்லூரி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அணிக்காக வெயிலில் நின்ற ஒரு மாணவனுக்காகப் பழைய மாணவர்களிடம் வாய் திறக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வேகப்பந்து வீசுகிற பிள்ளைகளின் முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்கிற வயதில் அளவுக்கு மேல் பந்து வீசினால் இடுப்புக்கு மேலே முள்ளந்தண்டில் நுண்ணிய வெடிப்பு வரும். ஆரம்பத்தில் வெறும் முதுகு நோ என்று தைலம் பூசுவார்கள். இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபையின் வழிகாட்டலில், 19 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு முறை பந்தை எடுத்தால் தொடர்ந்து 7 ஓவருக்கு மேல் வீசக்கூடாது, ஒரு நாளில் 18 ஓவருக்கு மேல் கூடாது. 13 வயதுக்குட்பட்டவருக்கு அது 5 ஓவர், 10 ஓவர். அது குளிர் நாடு. எங்கள் மார்ச் வெயிலில், எதிரணியின் கடைசி விக்கெட்டுகள் விழவில்லை என்றால், அணித்தலைவன் தன்னுடைய நல்ல வீச்சாளனிடமே திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் கணக்குப் புத்தகம் நிற்கிறது. அதிபர்தான் தடுக்க வேண்டும்.

இந்த ஞாபகங்கள் எவ்வளவு நீளமானவை என்று கொழும்பைப் பார்த்தாலும் தெரியும். றோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் 1879 முதல் ஆடிவருகின்றன. 1885இல் றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்ட ஆட்டத்தை ஒரு தரப்பு வெற்றி என்கிறது, மறுதரப்பு சமநிலை என்கிறது. ஆடியவர்களின் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு முடியவில்லை. பெரியவர்கள் அப்படிப் பேசி மகிழ்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தப் பாரத்தை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விடயத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் வராத விடயம் இது. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் வன்னியிலும் சின்னச் சின்னப் பாடசாலைகள் இருக்கின்றன. மைதானம் என்று சொன்னால் முள்ளும் மணலும். ஒரு ஆசிரியரே கணிதமும் படிப்பித்து, ஓட்டமும் பழக்கி, தன் சம்பளத்தில் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பார். அங்கே ஒரு பிள்ளை மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்ததும், நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆள் வரும். உயர்தரத்துக்கு இடம், விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் தருவோம் என்பார்கள். பெற்றோர் எப்படி மறுப்பார்கள்? பிள்ளைக்கு அது நல்லதுதான் என்று அந்த ஆசிரியரே கையெழுத்து வைத்துக் கொடுப்பார். அடுத்த வருடம் பதக்கம் வந்தால் பெயர்ப்பலகையில் நகரத்துக் கல்லூரியின் பெயர் இருக்கும். பதக்கம் வராவிட்டால், காலில் காயம் பட்டால், அந்தப் பிள்ளை விடுதியின் மூலையில் இருப்பான். படிப்பிலும் பின்தங்கி, ஊருக்கும் திரும்ப வெட்கப்பட்டு நின்ற பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடம், "ஏன் மோனை பழைய பள்ளிக்கூடத்துக்கே போகேல்லை?" என்று கேட்டேன். "சேர் என்னை எப்பிடிப் பாப்பார், ரீச்சர்?" என்றான். அந்த சேர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல மைதானம் கிடைக்க வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விளைந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு அறுவடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அடுத்த பிள்ளை எங்கேயிருந்து வரும்? ஆள் எடுத்த கல்லூரி அந்தச் சின்னப் பாடசாலைக்கு என்ன திருப்பிக் கொடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பழைய ஈட்டிகூடக் கொடுக்கவில்லை.

பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு வருகிறேன். மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை மட்டத்தில் பெயர் எடுத்தது. உலக வலைப்பந்தாட்ட அரங்கில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இதையெல்லாம் பரிசளிப்பு விழாக்களில் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஆனால் பெண்களின் இறுதிப் போட்டி ஒன்று நடக்கிற நாளில் மைதானத்தைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? தாய்மார் சிலர், இரண்டு ஆசிரியைகள், ஐஸ்கிறீம் வாகனம். கூடாரமும் இல்லை, பாண்டும் இல்லை. உடைமாற்ற மறைவான இடமும், ஒழுங்கான மலசலகூடமும் இல்லாத மைதானங்களில் எங்கள் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க ஆடியிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் போக இடமில்லையென்று தண்ணீர் குடிக்காமல் ஓடுவார்கள். மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களே, உங்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இரவு வேலை செய்து நீங்கள் அனுப்பிய காசில்தான் பல கல்லூரிகளின் பார்வையாளர் அரங்கும் பயிற்சி வலைகளும் எழுந்தன. போரில் இடிந்ததை அரசாங்கத்துக்கு முன்னால் நீங்கள் நிமிர்த்தினீர்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் மூன்று நாள் திருவிழாவுக்கு வருகிற காசு, மிச்ச நாட்களுக்கு வருவதில்லை. பாய் விரித்த ஆடுகளத்தில் பழகிய எங்கள் பிள்ளை, தெற்கே புற்தரையில் ஆடப் போகும்போது பந்து எழும்புகிற விதம் பிடிபடாமல் முதல் அரை மணித்தியாலத்திலேயே ஆட்டமிழந்து வருகிறான். 13 வயதுப் பொடியள் நாலு பேர் ஒரு சோடிக் காற்காப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டு ஆடுகிறார்கள். அதே கல்லூரியின் பெயர் பொறித்த ரீசேட்டுகள் கட்டுக்கட்டாகக் கூடாரங்களில் கிடக்கின்றன. நீங்கள் ஆடிய காலத்தை நினைத்து அனுப்புகிற காசு, இப்போது ஆடுகிற பிள்ளையிடம் போய்ச் சேருகிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால்தான் கணக்கு வரும்.

அதிபர்களே, நான் கேட்பவை எல்லாம் உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பவை. கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைக் காத்திருக்கத் தேவையில்லை.

பிக் மட்சின் பெயரால் சேருகிற ஒவ்வொரு ரூபாயும் கல்லூரிக் கணக்குக்கு வரட்டும், செலவுக் கணக்கு அறிவித்தல் பலகையில் தொங்கட்டும். அதில் பாதியை மற்ற விளையாட்டுகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். ஆண்கள் கல்லூரியாக இருந்தால், பக்கத்துப் பெண்கள் பாடசாலைக்கு ஒரு பங்கு கொடுப்பது மரியாதைக் குறைவு அல்ல. பாடசாலை நேரத்தில் தெருவில் காசு சேர்ப்பதை முற்றாக நிறுத்துங்கள். கடைக்காரர்கள் மனமுவந்து கொடுப்பதாக நினைக்காதீர்கள், கண்ணாடி உடையக்கூடாது என்று கொடுக்கிறார்கள். வாகன ஊர்வலத்துக்குப் பதிலாக, இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து மைதானத்துக்கு நடந்து வரட்டும், பாண்டும் வரட்டும். சத்தம் இல்லாத பிக் மட்ச் எனக்கும் வேண்டாம்.

குடி விடயத்தில் ஒரு கல்லூரி மட்டும் கண்டிப்பாக இருந்து பயனில்லை. இரண்டு அதிபர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து, எந்தக் கூடாரத்தில் போத்தல் கண்டாலும் அந்தக் கூடாரம் அந்த மணித்தியாலமே கழற்றப்படும் என்று அறிவித்து, முதல் நாளே ஒன்றைக் கழற்றிக் காட்டுங்கள். அது செல்வாக்குள்ள ஒருவரின் கூடாரமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஓவர் வரம்பை எழுதி நடுவரிடம் கொடுங்கள். அணித்தலைவனின் முடிவுக்கு விடாதீர்கள். அணியில் ஆடும் எந்த மாணவனையும் சமூக ஊடகத்தில் இழிவுபடுத்தும் பழைய மாணவரை, எவ்வளவு பெரிய கொடையாளராக இருந்தாலும், சங்கத்திலிருந்து நீக்குவோம் என்று விதி செய்யுங்கள். பிறகு அந்த விதியை நடைமுறைப்படுத்துங்கள்.

வேறு பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளையை எடுக்கிறீர்களா? எடுங்கள். அவன் வெல்கிற ஒவ்வொரு பதக்கத்தோடும் அவனை முதலில் பழக்கிய பாடசாலையின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் வாசியுங்கள். பரிசளிப்பு விழாவுக்கு அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்துங்கள். உங்கள் மைதானத்தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். காயம்பட்டாலும் அவன் உயர்தரம் முடிக்கும் வரை உங்கள் மாணவன் என்று எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு ஆசை. பிக் மட்ச் நடக்கிற அதே கிழமையில், அதே மைதானத்தில், அதே கூடாரங்களும் பாண்டும் இருக்கும்போதே ஒரு பின்னேரம் பெண்களின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை வையுங்கள். அந்தப் பிள்ளைகள் சனம் நிறைந்த மைதானத்தில் ஒரு தடவையாவது ஆடட்டும். அதற்கு முன் மலசலகூடத்தைத் திருத்துங்கள்.

ஆட்டம் முடிந்த இரவு இரண்டு அணிகளும் சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் விட்டுப்போய்விட்டது. விட்டுப்போன இடங்களில் அதைத் திரும்பத் தொடங்குங்கள். பெரியவர்களின் பேச்சுகள் வேண்டாம். பிடியைத் தவறவிட்டவனும் அந்தப் பந்தை அடித்தவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து புட்டும் கறியும் சாப்பிடட்டும்.

அடுத்த பருவம் தொடங்குமுன் எதிரணி அதிபரை உங்கள் கல்லூரிக்கு அழைத்து, ஒரே மேசையில் இருந்து இவற்றைப் பேசுங்கள். பழைய மாணவர் சங்கச் செயலாளர்களைக் கூப்பிடுகிற அந்தக் கூட்டத்துக்கு இரண்டு அணித்தலைவர்களையும், பெண்கள் அணிகளின் தலைவிகளையும் கூப்பிடுங்கள். முதலில் அவர்களைப் பேச விடுங்கள். இவ்வளவு காலமும் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
வலிகாமம்.